பழைய ரயிலை நாமே ஓட்டலாமா? ஒரு மீட்டர்கேஜ் கார்டிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மீட்டர்கேஜ் காலத்து, அதாவது ஒரு மீட்டர் அகலப் பாதை இருந்த காலத்து, ரயில் கார்டு. நெல்லை, தென்காசி, திருச்செந்தூர்ப் பக்கம் கொடி ஆட்டிப் பிழைத்தவன். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ரயிலைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்கிற கூட்டம் கூடியது. கல்யாண வீட்டுப் பந்தியிலும் டீக்கடைப் பெஞ்சிலும் இளவட்டங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, வெளிநாட்டுல ஊர்க்காரங்களே சேர்ந்து பழைய கரி எஞ்சினை ஓட்டுறாங்களாம். நம்ம பக்கம் நாமளும் செஞ்சா என்ன?" செய்யலாம். செய்வதற்கு முன் தெரிய வேண்டியதை, கேட்டவர்களின் கேள்விகளாகவே எழுதிவைக்கிறேன்.

தன்னார்வலர்கள் ரயில் ஓட்டுவது நிஜமா, வெறும் பேச்சா?

நிஜம்தான். வேல்ஸ் நாட்டில் டாலிலின் என்று ஒரு குட்டி ரயில் பாதை. சிலேட்டுக் கல் சுமப்பதற்காக 1865 வாக்கில் போட்டது. தண்டவாள இடைவெளி இரண்டடி மூன்று அங்குலம். 1950-ல் அதன் முதலாளி இறந்துபோனார். பாதை மூடப்படும் என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், ரயில் பைத்தியம் பிடித்த கொஞ்சம் பேர் அதை ஏற்று நடத்த முன்வந்தார்கள். 1951-ல் அவர்கள் ஓட்டிய வண்டிதான் உலகத்திலேயே தன்னார்வலர்கள் நடத்திய முதல் மரபு ரயில். இன்றும் ஓடுகிறது. அதைப் பார்த்து பிரிட்டனில் எத்தனையோ பாதைகள் உயிர்பெற்றன. அங்கே பெரும்பாலான மரபு ரயில்களுக்கு மணிக்கு 25 மைல்தான் உச்ச வேகம், அதாவது சுமார் 40 கிலோமீட்டர். நம்ம ஊர் டவுன் பஸ் அதைவிட வேகமாகப் போகும். அந்த வேகக் கட்டுப்பாடுதான் அவர்களைக் காப்பாற்றுகிற முதல் வேலி.

நம் சீமையில் அப்படி ஓட்ட என்ன மிச்சம் இருக்கிறது?

நினைவுதான் மிச்சம். மதுரை–தூத்துக்குடிப் பாதையும், மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலி வரும் கிளையும் 1876-ல் வந்தவை. கல்லிடைக்குறிச்சி வழியாகச் செங்கோட்டைக்கு 1903-ல் வண்டி போனது. திருச்செந்தூர்ப் பாதை 1923. எல்லாமே மீட்டர்கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சரியாக 1,000 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதை போட்டாகிவிட்டது. அதில் ஓடுவது இந்திய ரயில்வேயின் வண்டி. சங்கம் வைத்து ரசீதுப் புத்தகம் அடித்துவிட்டால் நமக்கு அதில் வழிவிடுவார்கள் என்று கனவு காணவேண்டாம்.

இன்னொரு பாதையும் இருந்தது, பாதிப்பேருக்குத் தெரியாது. திருச்செந்தூரிலிருந்து குலசேகரபட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளைக்கு ஒரு குறுகிய பாதை. சர்க்கரை ஆலைக்காரர்கள் தேரிக்காட்டுக்கு நடுவே நடத்தியது. 1940 வாக்கில் நின்றுபோனது. தன்னார்வலர் கூட்டம் ஒன்று ஓட்ட ஆசைப்பட்டால் அது அந்த அளவில்தான் இருக்க வேண்டும். ஒரு தோப்புக்குள்ளோ பூங்காவுக்குள்ளோ ஒன்றிரண்டு கிலோமீட்டர், குறுகிய கேஜ், ஒரு எஞ்சின், இரண்டு பெட்டி. அதற்கு மேல் ஆசைப்படுகிறவர்களிடம் நான் பேசுவதை நிறுத்திவிடுவேன்.

அதற்கு அரசு அனுமதி வேண்டுமா?

1989-ம் வருட ரயில்வே சட்டம் 'ரயில்வே' என்றால் என்ன என்று சொல்கிற இடத்திலேயே ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. பொருட்காட்சி மைதானம், திருவிழாத் திடல், பூங்கா போல, பொழுதுபோக்குக்கு மட்டுமே என்று உள்ள இடங்களில் போட்ட தண்டவாளம் அந்தச் சட்டப்படி ரயில்வே ஆகாது. அந்த வேலிக்கு வெளியே வந்து பொதுமக்களை ஏற்றினால் கதை வேறு. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பாதையைச் சோதிக்காமல் ஒரு பயணியைக்கூட ஏற்ற முடியாது.

விலக்கைக் கேட்டதும் சில பேர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும், பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போதுதான் பயம் வரும். சட்டம் பார்க்காத இடத்தில் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஆணையர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே இருக்கிறார். ரயிலுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். வண்டியை ஓட்டுகிறவனுக்குக் கீழே வண்டியைச் சோதிக்கிறவன் இருக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உங்கள் சங்கத்திலும் அப்படியே வையுங்கள். டிக்கெட் வசூலைப் பார்க்கிற செயலாளருக்கும் "இன்றைக்கு வண்டி ஓடாது" என்று சொல்கிற ஆளுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருக்கக் கூடாது. கிளப்புகிறவருக்குப் பத்துப் பேரின் ஒப்புதல் வேண்டும். நிறுத்த ஒருவர் போதும். அந்த ஒருவர் நேற்றுச் சேர்ந்த பையனாக இருந்தாலும் சரி.

எஞ்சின் எங்கே கிடைக்கும்? ஊர் ஊராகக் காட்சிக்கு நிற்கிறதே, அதைக் கேட்டு வாங்கலாமா?

காட்சிக்கு நிற்கிற எஞ்சின் பெயிண்ட் அடித்த பிணம். கோபிக்காதீர்கள். எத்தனையோ ஐப்பசி மழை அதன் குழாய்களில் இறங்கியிருக்கும். வெளியே பளபளப்பு இருக்கும், உள்ளே தகடு எவ்வளவு தேய்ந்தது என்று யாருக்குத் தெரியும்? முதல் இரண்டு வருடம் சின்ன டீசல் எஞ்சினும், தள்ளிப்போகிற டிராலியும் போதும். நீராவி ஆசை அதற்குப் பிறகு.

கொதிகலன் வெடிக்கும் என்கிறார்களே?

வெடிக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்க ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும். கொதிகலனுக்குள் அந்தத் தண்ணீர் நூறு டிகிரியை எப்போதோ தாண்டியும், அழுத்தத்துக்குப் பயந்து தண்ணீராகவே இருக்கிறது. ஓரிடத்தில் தகடு கிழிந்தால் அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகும். அதற்குப் பிறகு எஞ்சினைப் பக்கத்து வயலில் தேட வேண்டும்.

தகடு ஏன் கிழிகிறது? பெரும்பாலும் தண்ணீர் குறைந்துதான். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டுக்குக் கீழே நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் இருக்கிறவரை தகடு சூட்டைக் கடத்திவிட்டுச் சும்மா இருக்கும். தண்ணீர் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால் சில நிமிடத்தில் சிவந்து இளகும், அழுத்தம் அதைக் கீழே தள்ளும். சமதளத்தில் தண்ணீர் போதுமானதாகத் தெரியும். சரிவில் எஞ்சின் மூக்கு தாழ்ந்தால் தண்ணீர் முன்னால் ஓடி, கூரைத் தகடு பின்னால் காய்ந்துவிடும். எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற பயர்மேன்கள், புதிதாகப் படிக்கிறபோது இதைத்தான் மறப்பார்கள்.

அதனால்தான் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ் இரண்டு, தண்ணீர் ஏற்ற வழி இரண்டு, சேஃப்டி வால்வு இரண்டு. எல்லாம் கைவிட்டால் கூரைத் தகட்டில் திருகி வைத்த ஈய பிளக். தகடு காய்ந்தால் ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் சீறி, "ஓடு" என்று சொல்லும். ஈய பிளக் உருகினால் அது விபத்து இல்லை என்று நினைக்கிறவர்களை எஞ்சினில் ஏற்றக் கூடாது. அது விபத்துதான், ஆள் சாகவில்லை, அவ்வளவே. கேஜ் கிளாஸில் மட்டம் தெரிகிறது என்பதும் போதாது. குழாயில் உப்பு அடைத்திருந்தால் பழைய மட்டத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். வேலை தொடங்கும்போது அதன் திருகைத் திறந்து, நீராவியும் தண்ணீரும் சீறி வெளியேற விட்டு ஊதிப் பார்க்க வேண்டும். நடுவில் சந்தேகம் வந்தாலும் ஊதிப் பார்க்க வேண்டும்.

தண்ணீரும் முக்கியம். தாமிரபரணித் தண்ணீரில் உலை வைத்தவர்களுக்கும் ராதாபுரம் பக்கத்து போர் தண்ணீரில் உலை வைத்தவர்களுக்கும் பாத்திரத்தின் அடியைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். அந்த வெள்ளைப் படிவு கொதிகலனுக்குள் படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கும். உப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருடம் ஒருமுறை கழுவலாம் என்பவர்களுக்கு எஞ்சின் தராதீர்கள்.

இதற்குமேல், மாநிலக் கொதிகலன் ஆய்வாளர் வந்து சோதித்துத் தருகிற சான்றிதழ் இல்லாமல் தீ மூட்டக் கூடாது. 1923-ம் வருடக் கொதிகலன் சட்டத்தின் இடத்தில் 2025-ல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஆய்வாளர் வருகிற நாளில் காப்பி, வடை கொடுங்கள். தப்பை மறைக்க அல்ல, இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்க்கட்டும் என்று.

விறகு போட்டு ஓட்டலாமா? உடைமரம்தான் கிடக்கிறதே.

எரியும். பொறியும் பறக்கும். பனையோலை வேலியும் ஓலைக் கூரையும் உள்ள ஊரில், சித்திரை வெயிலில், புகைபோக்கியில் பொறி தடுக்கும் வலை இல்லாமல் விறகு எஞ்சின் ஓட்டுவது கோட்டித்தனம். நீலகிரி மலை ரயிலிலேயே கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய எஞ்சின்களைத் திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் செய்து கொடுத்தார்கள். எண்ணெயைப் பற்றி யோசியுங்கள்.

ஒரே எஞ்சின்தானே, டோக்கன் எதற்கு? யாரோடு மோதப் போகிறோம்?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி.

எங்கள் காலத்தில் ஒற்றைப் பாதையில் நீல் டோக்கன் முறை. இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டரும் மின்கம்பி வழியே ஒத்துக்கொண்டால் ஒரு பெட்டியிலிருந்து ஒரே ஒரு பந்து விழும். அந்தப் பந்துதான் டோக்கன், அந்தப் பாதையில் போக வண்டிக்கு அனுமதி. அது வெளியே இருக்கிறவரை எந்தப் பெட்டியும் இன்னொரு பந்தைத் தராது. பந்தைத் தோல்பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடுகிற வண்டியில் டிரைவரிடம் நீட்டுவார்கள். வளையம் தோளில் விழுந்தால்தான் டிரைவருக்கு மூச்சு வரும். சின்னப் பிள்ளைகள் அதைப் பார்க்கவே ஸ்டேஷனுக்கு வரும்.

ஒரே எஞ்சின் உள்ள பாதைக்கு அந்தப் பெட்டியெல்லாம் வேண்டாம். ஒரு தடி போதும். நல்ல தேக்குத் தடி, அதில் பித்தளைத் தகடு, தகட்டில் பாதையின் பெயர். தடி கையில் இருக்கிறவர்தான் தண்டவாளத்தில் இருக்கலாம். எதிரே எஞ்சின் வராது, சரி. டிராலி வரும். ஜல்லி தள்ளுகிற கூட்டம் இருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு தன்னார்வலர் குனிந்து நட்டு முறுக்கிக்கொண்டிருப்பார், அவர் வந்திருப்பதே யாருக்கும் தெரியாது. பாதையில் வேலை செய்கிறவர்கள் தடியை எடுத்துக்கொண்டு போனால் எஞ்சின் நகர முடியாது, அவ்வளவு எளிது. "நான் சொல்லிட்டுத்தான் போனேன்", "போன் பண்ணேன், எடுக்கல" என்பவை மரண விசாரணையில் சொல்கிற வாசகங்கள். தடி கையில் இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு அபிப்பிராயம் வர வழியில்லை.

தடியை டிரைவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கார்டும் கண்ணால் பார்க்க வேண்டும். "இருக்கு, இருக்கு" என்று வாயால் சொன்னால் செல்லாது.

பிரேக் பற்றிச் சொல்லுங்கள்.

1889-ல் அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகள் உல்லாசப் பயணம் போன வண்டி மேட்டில் ஏற முடியாமல் நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பாதியை மட்டும் கொண்டுபோகலாம் என்று முடிவுசெய்தார்கள். அந்த வண்டியின் வாக்வம் பிரேக், குழாயைப் பிரித்தால் விட்டுப்போகிற ரகம். பின்பாதி உருண்டு கீழே வந்து, பின்னால் ஏறிவந்த வண்டியில் மோதியது. 80 பேர் இறந்தார்கள். அதே வருடம் பிரிட்டனில் தானியங்கித் தொடர் பிரேக் கட்டாயமானது.

நாங்கள் ஓட்டிய மீட்டர்கேஜ் வண்டியின் வாக்வம் பிரேக் அந்தப் பாடம் படித்தது. குழாயில் வெற்றிடம் இருந்தால் பிரேக் விடும். காற்று புகுந்தால் பிடிக்கும். பெட்டி அறுந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும். கிளம்புமுன் கடைசிப் பெட்டியில் கார்டு வால்வைத் திறக்க, எஞ்சினில் வெற்றிடத்தைக் காட்டும் முள் இறங்குகிறதா என்று பார்ப்போம். இறங்கினால் குழாய் கடைசிவரை தொடர்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இந்தப் பிரேக்குக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. எஞ்சினைக் கழற்றி நிறுத்திய பெட்டியில் பிரேக் பிடித்தபடியே இருக்கும் என்று நம்பிப் போவீர்கள். உருளைக்குள் மிச்சமிருக்கிற வெற்றிடம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அது பையப் பையக் கசிந்துவிடும். ராத்திரி பிடித்திருந்த பிரேக் வெள்ளன விட்டிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஸ்டேஷனில், சாயங்காலம் நிறுத்திய வேகன் ராத்திரி தானாக நகர்ந்து முட்டுக்கட்டையில் போய் இடித்து நின்றது. கட்டை கொடுக்க வேண்டியவன் நான். தூங்கிக்கொண்டிருந்த நாய் ஒன்று அலறி ஓடியதைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு கைப்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, தண்டவாளத்தோடு சங்கிலி, பூட்டு இந்த நாலும் இல்லாமல் எந்தப் பெட்டியையும் விட்டுவிட்டு வந்ததில்லை.

தண்டவாளம் இரும்புதானே, அதற்கு என்ன ஆகப்போகிறது?

எஞ்சினுக்கு ஆள் வரும். கரி அள்ள, கைப்பிடியைத் துடைக்க, போட்டோ எடுக்க ஆள் வரும். தண்டவாளத்துக்குத்தான் ஆள் வராது. எந்தச் சங்கமும் ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பதைச் சனிக்கிழமை காலை ஜல்லி அள்ள எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணினால் சொல்லிவிடலாம்.

ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் சுத்தியலும் ஸ்பேனரும் கொடியும், ஆபத்தென்றால் தண்டவாளத்தில் வைத்து டிரைவரை எச்சரிக்கிற பட்டாசும் தூக்கிக்கொண்டு தினமும் தன் பாதை முழுக்க நடப்பார். தண்டவாளத்தை அதன் குறுக்குக் கட்டையோடு பிடித்துவைக்கிற ஆப்புக்குச் சாவி என்று பெயர்; தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவார். நம் வெயிலில் இது சின்ன வேலை இல்லை. 12 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் நாலு மில்லிமீட்டர் நீளும். இணைப்பில் இடைவெளி இல்லாவிட்டால், அல்லது இரண்டு தண்டவாளத்தை இணைக்கிற பிஷ் பிளேட் என்ற தகடு துருப்பிடித்து இறுகியிருந்தால், அந்த நீளம் எங்கே போகும்? பக்கவாட்டில் பாம்பு மாதிரி நெளியும். அதனால்தான் குளிர்காலத்திலேயே பிஷ் பிளேட்டைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டிவிடுவார்கள். ஜல்லி குறைந்த இடத்தில் வெயில் முதலில் கைவைக்கும்.

அடுத்தது மழை. 1956 நவம்பரில் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த எக்ஸ்பிரஸ், அரியலூர்ப் பக்கம் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பெயர்ந்து ஆற்றுக்குள் இறங்கியது. சுமார் 150 பேர் இறந்தார்கள். நம் ஊருக்கு வரவேண்டிய சனங்கள். லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர் பதவியை விட்டு விலகியது அதற்காகத்தான்.

2023 டிசம்பர் 17 ராத்திரி உங்களுக்கே ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போகவேண்டிய வண்டியை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். உள்ளே சுமார் 800 பேர். ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் நடுவே ஜல்லியும் மண்ணும் அடித்துப்போய், தண்டவாளம் சிலிப்பர் கட்டையோடு அந்தரத்தில் தொங்கியது. இரண்டு நாள் மாட்டிக்கொண்டார்கள், பசித்தார்கள், பக்கத்துப் புதுக்குடிச் சனங்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். 1956-ல் நடந்தது மறுபடி நடக்கவில்லை. வண்டி நின்ற அந்த ராத்திரியைத்தான் உங்கள் தன்னார்வலர்களுக்கு முதல் வகுப்பில் சொல்ல வேண்டும். ஓட்டிய கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஒரு கிலோமீட்டர் பாதையிலும் ஓடையைத் தாண்டுகிற குழாய்ப்பாலம் ஒன்று இருக்கும். மழை பெய்த மறுநாள் ஒருவர் அதன் அடியில் இறங்கிப் பார்க்காமல் வண்டி எடுக்கக் கூடாது.

யாரைச் சேர்க்கலாம்?

பெயர் கொடுக்கிறவர் நூறு பேர், வருகிறவர் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேருக்கும் கண் பரிசோதனை வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர் டிரைவராக முடியாது, அது அவர் குற்றமில்லை. கடை பார்க்கட்டும், கணக்குப் பார்க்கட்டும். ராத்திரி மில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக எஞ்சின் ஏற வருகிறவரை வீட்டுக்கு அனுப்புங்கள். ஆசையாகத்தான் வந்திருப்பார், முகம் வாடும். அனுப்புங்கள். குடித்திருக்கிறாரா என்று ஊதிப் பார்க்கிற கருவி ஒன்று வாங்கி, தலைவர் முதற்கொண்டு எல்லாரும் ஊதட்டும்.

சம்பளம் வாங்குகிறவரிடம் "நீ இன்றைக்கு வேண்டாம்" என்பது எளிது. சும்மா வந்து உழைக்கிறவரிடம் அதைச் சொல்ல நாக்கு வராது. தன்னார்வ ரயிலின் மிகப்பெரிய ஆபத்து கொதிகலனில் இல்லை, அந்தக் கூச்சத்தில் இருக்கிறது.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

ஹங்கேரியில் புடாபெஸ்ட் மலையில் 11 கிலோமீட்டர் பாதை ஒன்று 1948-லிருந்து ஓடுகிறது. டிக்கெட் கொடுப்பது, சிக்னல் பார்ப்பது, கொடி காட்டுவது எல்லாம் பத்து முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள். எஞ்சின் மட்டும் பெரியவர்கள் கையில். அது போதும் உங்களுக்குப் பதில். பெட்டிகளை இணைக்கிற இடத்துக்கு மட்டும் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் போகக் கூடாது. பெரியவர்களும், வண்டி முழுசாக நின்று, "உள்ளே போகிறேன்" என்று சொல்லி, டிரைவர் கையை உயர்த்திய பிறகுதான் போக வேண்டும்.

கந்த சஷ்டிக்கு, ஆடி அமாவாசைக்கு ஸ்பெஷல் வண்டி விடலாமா?

வேண்டாம். படியில் தொங்குகிற கூட்டத்தை இறக்கிவிட உங்களிடம் ஆள் இல்லை.

பாதை ரோட்டைத் தாண்டினால்?

தாண்டாத இடமாகப் பாருங்கள். வழியில்லையென்றால், வண்டி ரோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும், கொடிக்காரர் இறங்கி இரண்டு பக்கமும் மறிக்க வேண்டும், பிறகு நடக்கிற வேகம். மணல் லாரி நிற்கும் என்று நம்பாதீர்கள். ஆடும் நிற்காது.

ஏதாவது தவறு நடந்தால் என்ன செய்வது?

காயம் பட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் கேட்பது காயம் படாத தவறுகளை. ஒரு நோட்டு வையுங்கள். "தடி வாங்காமல் இருபதடி நகர்ந்தேன்", "கட்டை எடுக்க மறந்தேன்" என்று செய்தவரே எழுத வேண்டும். எழுதினவரைத் திட்டினால் அந்த நோட்டு அடுத்த மாதம் வெறும் வெள்ளைத்தாளாக இருக்கும். வெள்ளைத்தாளைப் பார்த்து நாம் நன்றாக ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

முதல் நாள் எதிலிருந்து ஆரம்பிக்க?

இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நடக்க நல்ல செருப்பு, ஒரு சுத்தியல், ஒரு நோட்டு கொண்டுவாருங்கள். எஞ்சின் படம் கொண்டுவர வேண்டாம். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் வண்டி நிற்க வேண்டும் என்பதை அன்றைக்குச் சொல்லித் தருகிறேன். கை வலிக்கிறவரை தூக்கி நிற்கப் பழகுவோம்.